மறந்துட்டேன், மர்த்பிட்டெ, வஸுரெச்சத்த: பெங்களூர்த் தமிழருக்கு ஜப்பானிய இலக்கணம்

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் கன்னடத்தை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்ததில்லை. ‘மறந்துட்டேன்’ என்பதற்கு ‘மர்த்பிட்டெ’, ‘கேட்டுப் பாருங்க’ என்பதற்கு ‘கேளி நோடி’. வாக்கியத்தின் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றிப் பேசிப் பழகினார்கள், அவ்வளவுதான். அதே ஆள் சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பில் போய் உட்கார்ந்தால் கதை மாறிவிடுகிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். பலகையில் ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதி, அம்புக்குறி போட்டு, ‘ஜப்பானியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும்’ என்று விளக்குவார்கள். நமக்கு அது எப்போது முன்னால் இருந்தது?

வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘நேற்று வாங்கின ஃபோன்’ என்று பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும்: கினொஒ கத்த கெஇதை. இதெல்லாம் தமிழனுக்குப் பாடமே இல்லை. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கற்பவருக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி. வாக்கியத்தை மனசுக்குள் ஆங்கிலத்தில் அமைத்துப் பிறகு புரட்டிப் போடாமல், நேரே தமிழிலிருந்து போனால் பாதி இலக்கணம் ஏற்கனவே கையில் இருக்கிறது. மீதிப் பாதியில் தமிழே காலை வாரும். எங்கே வாரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எழுத்து

குறிப்பேட்டில் ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். கிதெ குதாஸை என்றால் வாருங்கள். கித்தெ குதாஸை என்றால் வெட்டுங்கள். கிஇதெ குதாஸை என்றால் கேளுங்கள். படம், பட்டம், பாடம் மூன்றையும் பிரித்துக் கேட்கும் தமிழ்க் காதுக்கு இந்த மூன்றும் தெளிவாகவே கேட்கும். ஆனால் அவசரத்தில் எழுதும்போது மூன்றுமே ‘கித்தே’ ஆகிவிடுகின்றன. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் எது எதுவென்று தெரியாது.

க, த, ப வரிசை இன்னும் மோசம். தாஇகாகு என்றால் பல்கலைக்கழகம், தைகாகு என்றால் படிப்பைப் பாதியில் விடுவது. முதல் ஒலி அதிர்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம், அதைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லை. கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, கண்ணே இரண்டையும் பிரித்துப் பழகியிருக்கும். மற்றவர்களுக்கு ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துதான் வழி. அடிப்படை எழுத்து 46. நாளுக்கு ஐந்து என்று வைத்தாலும் பத்து நாள் வேலை. அதிர்வொலிக்குத் தனி எழுத்து கிடையாது, அதே எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடு போட்டால் போதும்.

இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் தமிழில் எழுதுகிறேன். அதற்கு ஓர் ஏற்பாடு: க, த, ப வரிசையில் குறிலாக எழுதியிருந்தால் ‘கடை’, ‘தெரு’, ‘படி’ போல வல்லோசை. நெடிலாக எழுதியிருந்தால் காந்தியின் கா, தேசத்தின் தே, பாரதியின் பா போல அதிர்வோசை. ஆனால் நீட்டாமல் சொல்ல வேண்டும். மெல்லின எழுத்துக்குப் பின்னால் வருவதை நாம் வழக்கமாகச் சொல்வதுபோலவே சொல்லலாம். உயிர் நீளும் இடத்தில் ‘கொஒஹிஇ’ (காபி) என்று பிரித்து எழுதியிருக்கிறேன்.

உருபுகள்

ஒ என்பது ‘ஐ’: ஹொன் ஒ யொமிமஸ், புத்தகத்தைப் படிக்கிறேன். கர என்பது ‘இலிருந்து’, மதே என்பது ‘வரை’, மதேனி என்பது ‘க்குள்’. மொ என்பது ‘உம்’: வதஷி மொ, நானும். கடைசியில் வரும் க என்பது நம் கேள்வி ‘ஆ’: இகிமஸ் க, போகிறீர்களா. தொ ‘உடன்’ ஆகவும் வரும், ‘என்று’ ஆகவும் வரும்.

மொவையும் கவையும் கேள்விச் சொல்லோடு ஒட்டிப் பாருங்கள். தாரெ என்றால் யார். தாரெமொ கிமஸென் தேஷித, யாரும் வரவில்லை. தாரெக என்றால் யாரோ. தாரெதேமொ என்றால் யாரானாலும். நனி என்றால் என்ன. நனிமொ எதுவும், நனிக ஏதோ, நந்தேமொ எதுவானாலும். ஆங்கில வழியில் இது ஒரு முழு அட்டவணை. தமிழில் உம், ஓ, ஆனாலும் என்ற மூன்று ஒட்டுகளோடு முடிந்துவிடுகிறது.

‘என்று’ வரும் இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வருவார் என்று நினைக்கிறேன்’ என்பது குரு தொ ஒமொஇமஸ். தொவுக்கு முன்னால் மரியாதை வடிவமான கிமஸ் வராது, குரு என்ற வெறும் வடிவம்தான் வரும். மரியாதையை வாக்கியத்தின் கடைசி வினை சுமந்தால் போதும்.

எச்சம்: இங்கேதான் நம் சொத்து இருக்கிறது

பெங்களூர் வகுப்புகளில் பரவலாகப் பயன்படும் மின்னா நோ நிஹோங்கோ பாடநூலில் தெ வடிவம் 14-ஆம் பாடத்தில் வருகிறது. அதோடு ஷிமஉ சேர்வது 29-இல், ஒகு சேர்வது 30-இல், மிரு சேர்வது 40-இல். ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு இந்த இடைவெளி தேவைதான். தமிழருக்கு இந்த நாலும் ஒரே மாலையில் முடியக்கூடிய விஷயம். ஏனென்றால் தெ வடிவம் என்பது நம் வினையெச்சம்: செய்து, போய், வாங்கி.

முதலில் அதை உருவாக்கும் விதி. அகராதி வடிவம் உ, த்ஸு, ரு என்று முடிந்தால் த்தெ: கஉ (வாங்கு) கத்தெ, மத்ஸு (காத்திரு) மத்தெ, தொரு (எடு) தொத்தெ. மு, பூ, நு என்று முடிந்தால் ந்தே: நொமு (குடி) நொந்தே. ககு (எழுது) கைதெ ஆகும். இதே கு அதிர்வோசையாக இருந்தால் கடைசி ஒலியும் அதிரும், நீந்து என்பதற்கான ஒயொகூ, ஒயொஇதே ஆகும். ஹனஸு (பேசு) ஹனஷிதெ. எரு, இரு என்று முடியும் வினைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை, அவற்றில் த்தெ வராது, ருவை எடுத்துவிட்டுத் தெ போட்டால் போதும்: தபேரு (சாப்பிடு) தபேதெ. செய் என்பதற்கான ஸுரு ஷிதெ ஆகும், வா என்பதற்கான குரு கிதெ ஆகும். இகு (போ) மட்டும் விதியை மீறி இத்தெ ஆகும். இதைப் பார்த்து அலுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நட நடந்து ஆகிறது, ஓடு ஓடி ஆகிறது, நில் நின்று ஆகிறது, போ போய் ஆகிறது. கன்னடக்காரர்கள் நம்மிடம் கேட்டால் என்ன விதி சொல்வோம்?

இப்போது துணைவினைகள். மிரு என்றால் பார். தபேதெ மிமஸ் என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன், சொல்லுக்குச் சொல் அதேதான். செய்தே முடித்து, எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. முயன்றும் நடக்காமல் போனதற்கு இது வராது. அதற்குத் தபேயொஒ தொ ஷிமஷித என்று வேறு அமைப்பு. தமிழிலும் ‘சாப்பிட்டுப் பார்த்தேன்’ வேறு, ‘சாப்பிடப் பார்த்தேன்’ வேறு. ஆங்கில வழியில் வருபவர்கள் மாதக்கணக்கில் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

ஒகு என்றால் வை. கத்தெ ஒகிமஸ், வாங்கி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும் என்று முன்னாலேயே செய்வது. கூட்ட அறையைப் பதிவு செய்து வைப்பதற்கு யொயகு ஷிதெ ஒகிமஸ் என்று சொல்லிவிடலாம். பேச்சில் தெ ஒகு இரண்டும் ஒட்டித் தொகு ஆகிவிடும். கத்தொகு என்று காதில் விழுந்தால் புதுச் சொல் என்று அகராதியைத் தேட வேண்டாம்.

ஷிமஉ என்பது நம் ‘விடு’. வஸுரெதெ ஷிமஇமஷித, மறந்துவிட்டேன். ‘மறந்துவிட்டேன்’ பேச்சில் ‘மறந்துட்டேன்’ ஆவதுபோல இதுவும் வஸுரெச்சத்த என்று சுருங்கும். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பெங்களூர் அலுவலகங்களில் தமிழர்கள் தவறாமல் விழுகிற பள்ளம். நாம் எதற்கெடுத்தாலும் ‘விடு’ போடுவோம். வந்துவிட்டேன், சொல்லிவிட்டேன், ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். ஜப்பானியத்தில் ஷிமஉ வந்தால் ஒன்று, மிச்சமில்லாமல் முடிந்தது என்று பொருள். அல்லது ஐயோ, இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம். ரிப்போர்டை ஒகுத்தெ ஷிமஇமஷித (ஒகுரு என்றால் அனுப்பு) என்று ஜப்பானிய வாடிக்கையாளருக்கு எழுதினால், ‘அனுப்பியிருக்கக் கூடாது, தவறிப்போய் அனுப்பிவிட்டேன்’ என்று அவர் எடுத்துக்கொண்டு, எந்த ரிப்போர்டைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதக்கூடும். வெறும் ஒகுரிமஷித போதும். தமிழ் ‘விடு’வில் மனவருத்தம் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் மட்டும் ஷிமஉ.

இரு என்ற ஒலியே ஜப்பானியத்திலும் ‘இரு’ என்ற பொருளில் வருகிறது (மனிதருக்கும் விலங்குக்கும், பொருள்களுக்கு அரு). தெ இரு என்பதற்கு இரண்டு பொருள். தபேதெ இமஸ், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கெக்கொன் ஷிதெ இமஸ் என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது. கிதெ இமஸ் என்றால் வந்திருக்கிறார். வழியில் இருக்கிறார் என்று பொருள் இல்லை. ஒரு நொடியில் முடிந்து நிலையாகிவிடும் வினை என்றால் ‘செய்திருக்கிறேன்’, நேரம் எடுக்கும் வினை என்றால் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று வைத்துக்கொள்ளலாம். தெரியும் என்பதற்கு ஷித்தெ இமஸ், தெரியாது என்பதற்கு மட்டும் ஷிரிமஸென். இதற்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்வது நல்லது.

‘கட்டாயம் போக வேண்டும்’ என்பதற்கு வரும் இகனகெரெபா நரிமஸென் என்ற தொடரைக் கண்டு பலர் மிரண்டுவிடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள். இகனகெரெபா, போகாவிட்டால். நரு என்றால் ஆகு, நரிமஸென் என்றால் ஆகாது. போகாவிட்டால் ஆகாது! வீட்டில் பாட்டி பேசும் வாக்கியம். ஹைத்தெ மொ இஇ தேஸ் க என்பதும் அப்படித்தான்: ஹைத்தெ மொ, நுழைந்தாலும், இஇ, நல்லது, ஆக, உள்ளே வரலாமா.

கொடுப்பதும் தருவதும்

இன்றைய தமிழில் கொடு, தா இரண்டையும் கலந்து பேசுகிறோம். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு இரண்டும் படர்க்கைக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறது. மலையாளத்தில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. பக்கத்து மேசை மலையாளியிடம் ‘எனிக்கு தன்னு’, ‘அவனு கொடுத்து’ இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஜப்பானியத்தில் குரெரு என்பது என்னை நோக்கி வரும் தா. அகேரு என்பது என்னிடமிருந்து வெளியே போகும் கொடு. ஒரே வித்தியாசம், ‘உனக்குத் தருகிறேன்’ என்பது ஜப்பானியத்தில் அகேரு பக்கம் போய்விடும்.

எச்சத்தோடும் இவை சேரும். ஒஷியெதெ குரெமஷித என்றால் சொல்லித் தந்தார். யாருக்கு என்று சொல்லவே வேண்டாம், எனக்குத்தான். தமிழ் வினை ‘ஏன், ஆய், ஆர்’ என்று ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஜப்பானிய வினை காட்டாது. அந்தக் குறையைப் பெரும்பாலும் குரெருவும் அகேருவும் நிரப்புகின்றன. இது புரியாமல் ஒவ்வொரு வாக்கியத்திலும் வதஷி வ (நான்) என்று தொடங்குவது புதியவர்களின் அடையாளம்.

வாடிக்கையாளரிடமோ மேலதிகாரியிடமோ தெத்ஸுதாத்தெ அகேமஸ் (உதவி செய்து கொடுக்கிறேன்) என்று சொல்லாதீர்கள், பெரிய மனசு பண்ணி உதவுவதுபோல ஒலிக்கும். தெத்ஸுதாஇமஷொஒ க, உதவட்டுமா என்று கேட்பதே முறை.

தமிழ் காலை வாரும் இடங்கள்

‘இல்’ தான் முதல் எதிரி. பெங்களூரில் இருக்கிறேன், பெங்களூரில் வேலை செய்கிறேன், இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. ஜப்பானியத்தில் இருப்பதற்கும் குடியிருப்பதற்கும் நி, செயல் நடக்கும் இடத்துக்குத் தே. பங்கரொஒரு நி ஸுந்தே இமஸ், பங்கரொஒரு தே ஹதரைதெ இமஸ். (ஊர்ப் பெயரின் முதல் ஒலி அதிர்வோசை, நாம் சொல்வதுபோலவே.) ‘கூட்டம் மூணாவது மாடியில் இருக்கு’ என்பதில் நம் ‘இருக்கு’ ஏமாற்றும். கூட்டம் ஒரு நிகழ்ச்சி, ஆகவே கைகீ வ ஸங்கை தே அரிமஸ். பஸ்ஸில் போகிறேன், பேனாவால் எழுதுகிறேன் இரண்டுக்கும் தே.

‘மூணு மணிக்கு’ என்பது ஸன்ஜி நி, ‘க்கு’ என்பதற்கு நி சரியாகப் பொருந்துகிறது. அந்த உற்சாகத்தில் ‘நாளைக்கு’ என்பதை அஷித நி என்று சொல்லிவிடுவோம். இன்று, நாளை, அடுத்த வாரம், தினமும் போன்றவற்றோடு நி வராது. அஷித இகிமஸ், அவ்வளவுதான்.

வ, கா இரண்டும் எழுவாய்ப் பக்கம் நிற்பவை. முழுத் தெளிவுக்கு ஆண்டுகள் ஆகும், ஆனால் ஆரம்பத்துக்கு மூன்று பிடிகள் போதும். கேள்விச் சொல் எழுவாயாக வந்தால் கா: தாரெ கா கிமஷித க, யார் வந்தார்கள்? பதிலிலும் கா. இரண்டாவது, ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்கள். எனக்குக் காபி பிடிக்கும், எனக்குத் தமிழ் புரியும். ‘எனக்கு’ என்பதை நியாக மாற்றாமல் வதஷி வ என்று போட்டு, ஐ உருபு இல்லாமல் நிற்கும் காபிக்கும் தமிழுக்கும் கா போடுங்கள்: வதஷி வ கொஒஹிஇ கா ஸுகி தேஸ், தமிருகோ கா வகரிமஸ். மூன்றாவது, ‘காபி குடிப்பேன், டீ மட்டும் வேண்டாம்’ என்று ஒன்றைப் பிரித்துக் காட்டும்போது வ.

‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால் ‘இன்னும் சாப்பிடலை’ என்போம். அதை இறந்தகாலம் என்று எண்ணி மதா தபேமஸென் தேஷித என்றால் தவறு. மதா தபேதெ இமஸென், ‘சாப்பிட்டிருக்கவில்லை’ என்ற நிலை.

யாராவது கூப்பிட்டால் ‘இதோ வர்றேன்’ என்று குரல் கொடுக்கிறோம். ஜப்பானியத்தில் வருவது எப்போதும் பேசுபவர் நிற்கும் இடத்துக்கு. கூப்பிட்டவரிடம் போவதற்கு இம இகிமஸ், இதோ போகிறேன். அதே சமயம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்லும் ‘போயிட்டு வர்றேன்’ மாறாமல் அப்படியே இருக்கிறது: இத்தெ கிமஸ். அலுவலகத்திலிருந்து சாப்பாட்டுக்கோ வெளிவேலைக்கோ போகும்போதும் சொல்லலாம், திரும்பி வரப்போகிறோமே. மாலையில் வேலை முடிந்து போகும்போது வராது. அதற்கு ஒஸகி நி ஷித்ஸுரெஇ ஷிமஸ்.

பண்புச் சொற்களில் ஒரு தவறு எல்லோரிடமும் உண்டு: ‘சூடாக இருந்தது’ என்பதற்கு அத்ஸுஇ தேஷித. இ-யில் முடியும் பண்புச் சொல் தானே காலம் காட்டும், அத்ஸுகத்த தேஸ்.

மரியாதையில் நம் வழக்கம் நேர்மாறு. வெளியாரிடம் பேசும்போது ‘எங்க மேனேஜர் குமார் சார் நாளைக்கு வருவார்’ என்று கூடுதல் மரியாதை கொடுப்போம். ஜப்பானியத்தில் வெளியாரிடம் பேசும்போது நம் பக்கத்து ஆள் எவ்வளவு பெரியவரானாலும் பெயரோடு ஸன் சேர்க்கக் கூடாது. அம்மாவும் அப்படித்தான்: என் அம்மா ஹஹ, உங்கள் அம்மா ஒகஅஸன். எதிரில் இருப்பவரை அனத (நீங்கள்) என்று கூப்பிடுவதையும் தவிர்த்துப் பெயரோடு ஸன் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழகுவதும் தேர்வும்

பர்ப்பிள் லைனில் இந்திராநகரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகிற நேரத்தில் செய்யக்கூடிய பயிற்சி: அன்றைக்கு வீட்டில் நீங்களே பேசிய வாக்கியங்களில் பார், வை, விடு, தா வந்த மூன்றைப் பிடியுங்கள். ஹிரகானாவில் எழுதுங்கள். விடு வந்ததில் வருத்தம் இருந்ததா என்று பாருங்கள், தா வந்ததில் திசை எது என்று பாருங்கள். கைபேசி மொழிபெயர்ப்பில் சரிபார்ப்பதானால், ஜப்பானியத்தைக் கொடுத்துத் தமிழில் என்ன வருகிறது என்று பார்ப்பது நல்லது. தமிழைக் கொடுத்தால் மரியாதையும் திசையும் கலங்கிப்போகும்.

அலுவலகத்துக்கு எழுதுபவர்கள் மதேனியை நேரத்தோடு சேர்த்தே பழகுங்கள். கோஜி மதேனி ஒகுரிமஸ், ஐந்து மணிக்குள் அனுப்புகிறேன். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய மாலை ஐந்து நமக்குப் பகல் ஒன்றரை. நியை விட்டுவிட்டு மதே மட்டும் எழுதினால் ‘ஐந்து மணி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்’ என்று ஆகிவிடும்.

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு வழக்கமாக ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பெங்களூரிலும் மையம் உண்டு. அதன் தொடக்க நிலையான என்5-க்கு மொத்தம் 180-இல் 80 வாங்க வேண்டும். அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120-இல் குறைந்தது 38, கேட்டல் பகுதியின் 60-இல் குறைந்தது 19. இலக்கணத்தில் குவித்துவிட்டுக் கேட்டலில் 18 வாங்கினால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். வாயால் பேசச் சொல்லும் பகுதியே கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பது. ஷிமஉ, ஒகு, மிரு, குரெரு சேர்ந்த எச்சங்களைப் பெரும்பாலும் அடுத்த நிலையான என்4-இல்தான் எதிர்பார்க்கலாம், என்றாலும் முன்னாலேயே படித்து வைப்பதில் நஷ்டமில்லை. என்5-இல் நி, தே குழப்பத்துக்கும் எண்ணும் சொற்களுக்கும்தான் மதிப்பெண் போகிறது. தட்டையான பொருளுக்கு மை, நீளமானதற்கு ஹொன், ஆட்களுக்கு நின் என்று எண்ணுகிற முறைக்கு, ‘மூணு பேர்’ என்பதைத் தவிர, தமிழில் துணை கிடையாது. ஒன்று முதல் பத்து வரை வாய்விட்டுச் சொல்லி உருப்போட வேண்டியதுதான். ஹொன் எண்ணைப் பொறுத்து இப்பொன், நிஹொன், ஸம்பொன் என்று உருமாறும் என்பதால் அதற்கு மட்டும் இன்னொரு வாரம் ஒதுக்குங்கள்.